பதினேழாம் நாள்

"சிசிடிவி இருக்குல்ல, புடிச்சிருவாங்க."

எங்கள் பக்கம் செயின் பறிப்போ, ஆடு திருட்டோ, சாலை விபத்தோ, எது நடந்தாலும் கூடி நிற்பவர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்கிறவர் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். மேலே ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அது பொய் சொல்லாது என்கிற நிம்மதி. முன்பு ஊர் எல்லையில் இருக்கிற அய்யனார் மீது வைத்திருந்த நம்பிக்கையில் பாதி இப்போது கேமராவுக்குப் போய்விட்டது.

நான் அரியலூர், பெரம்பலூர் இரண்டு ஊர் நீதிமன்றங்களிலும் வழக்கு நடத்துகிறேன். திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995இல் பிரிந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001இல் பிரித்தார்கள், 2002இல் மறுபடி சேர்த்தார்கள், 2007இல் மறுபடியும் பிரித்தார்கள். கோடு எத்தனை முறை மாறினாலும் என் மேசைக்கு வரும் வழக்குகள் மாறவில்லை. வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், லாரி விபத்து. ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம் இது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆலைகளுக்கு ஏற்றிப்போகும் டிப்பர் லாரிகள் இரவு பகல் பார்க்காமல் ஓடுகின்றன. அவற்றோடு அதே சாலையில் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கொத்தனாரும், பால்காரரும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் போகிறார்கள்.

வழக்குகள் மாறவில்லை, சாட்சிகள் மாறிவிட்டார்கள். நான் ஜூனியராகச் சேர்ந்தபோது கேஸ் கட்டுக்குள் ரத்தக்கறை பட்ட சட்டையைப் பற்றிய மகஜர் இருக்கும், வரைபடம் இருக்கும், மூன்று நான்கு பேருடைய வாக்குமூலம் இருக்கும். இப்போது பழுப்பு உறைக்குள் ஒரு பென் டிரைவோ சி.டி.யோ இல்லாத கட்டு அபூர்வம். அதற்குள் இருப்பது எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள், எடுத்தபோது எந்த நிலையில் இருந்தது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிற கட்டு அதைவிட அபூர்வம்.

*

டிஜிட்டல் தடயவியல் என்றதும் சினிமாவில் வருகிற இருட்டறை, பச்சை எழுத்து ஓடும் திரை, ஒரு பட்டனைத் தட்டியதும் தெளிவாகிற முகம் எல்லாம் நினைவுக்கு வரும். உண்மையில் அது ரொம்பச் சலிப்பான வேலை. வேலையில் முக்கால்வாசி எழுதிவைப்பதுதான்.

ஒரு கம்ப்யூட்டரையோ ஹார்டு டிஸ்கையோ கைப்பற்றினால் முதலில் அதன் நிறுவனம், மாடல், வரிசை எண் எல்லாவற்றையும் மகஜரில் எழுத வேண்டும். அதில் ஓடும் கடிகாரம் காட்டும் நேரத்தையும், சரியான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறிக்க வேண்டும். செல்போன் என்றால் சிக்னல் போகாத ஃபாரடே உறைக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் போனுக்குச் சொந்தக்காரர் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அதிலிருப்பதை அழித்துவிடலாம். பிறகு முத்திரையிட வேண்டும். நீதிமன்றம் வழியாக ஆய்வகத்துக்குப் போனதும் அங்கே முத்திரையைச் சரிபார்த்து உடைப்பார்கள். டிஸ்கை நேராக ஒரு கம்ப்யூட்டரில் சொருகக் கூடாது. சொருகிய நிமிடமே விண்டோஸ் அதற்குள் போய் எதையாவது எழுதிவிடும். ரைட் பிளாக்கர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. படிப்பதற்கு வழிவிடும், எழுதுவதற்கு விடாது. அதை இடையில் மாட்டி டிஸ்கின் முதல் துளியிலிருந்து கடைசித் துளி வரை அப்படியே நகல் எடுப்பார்கள். ஆய்வு எல்லாம் நகலில்தான். மூலத்தைத் தொடுவதில்லை.

நகலும் மூலமும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ஹாஷ் மதிப்பு. டிஸ்கில் இருப்பது முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட்டு எடுத்தால் ஒரு நீண்ட எண் வரும். எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அது 64 எழுத்து நீளம். லட்சம் படங்களில் ஒரு படத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். கைப்பற்றிய அன்றே அந்த எண்ணைக் குறித்துவைத்தால் பத்து வருடம் கழித்தும் யார் வேண்டுமானாலும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்திரத்தில் வைத்த கைரேகை மாதிரி.

இதற்கான கருவிகள் பல நாடுகளிலிருந்து வருகின்றன. செல்போனைத் திறக்க இஸ்ரேலின் செலிப்ரைட், ஸ்வீடனின் எக்ஸ்.ஆர்.ஒய். கம்ப்யூட்டருக்கு என்கேஸ், எஃப்.டி.கே. நம் நாட்டிலேயே திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய சைபர்செக் இருக்கிறது. ஆட்டாப்சி என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நானும் என் பழைய லேப்டாப்பில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அறிக்கை கொடுப்பதற்காக இல்லை, எதிர்த்தரப்பு நிபுணரிடம் குறுக்கு விசாரணையில் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்வதற்காக.

இவ்வளவு கருவி இருந்தும் எங்கள் ஊர் வழக்குகள் தோற்பது இவை எதுவும் இல்லாததால் இல்லை. ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, கடைத்தெருவிலேயே தோற்றுவிடுகின்றன.

*

அந்தம்மா என்னைத் தேடி வந்தது விபத்து நடந்த பதினெட்டாம் நாள். கூட அக்கா மகன் ஒரு பையன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. செந்துறைப் பக்கத்து ஊர். புருஷன் கொத்தனார். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் எக்ஸ்.எல்.லில் வரும்போது பின்னாலிருந்து ஒரு டிப்பர் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முதல் தகவல் அறிக்கையில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று இருந்தது.

இந்த மூன்று சொல்லுக்கு என்ன விலை என்பதை அந்தம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இடித்த வண்டி எதுவென்று தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். அதுவும் 2022 ஏப்ரல் 1 முதல்தான். அதற்கு முன்னால் வெறும் 25,000. வண்டி தெரிந்து, அதற்கு இன்சூரன்ஸும் இருந்தால், இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருப்பவர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு தரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டு பிள்ளைகளின் படிப்பு.

"வீடியோ இருக்கு மேடம்" என்றான் பையன். ஊர் வாட்ஸப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த 22 விநாடிப் படத்தைக் காட்டினான். விபத்து நடந்த இடத்துக்கு எதிரில் ஒரு உரக்கடை. வாசலில் சாலையைப் பார்த்து ஒரு கேமரா. மூன்றாம் நாள் இவன் கடைக்குப் போய்க் கெஞ்சியிருக்கிறான். கடைக்காரர் டி.வி.யில் ஓட்டிக் காட்ட, இவன் அந்தத் திரையைத் தன் போனில் எடுத்திருக்கிறான். எக்ஸ்.எல். போகிறது, லாரி வருகிறது, மறைக்கிறது, லாரி போகிறது. எக்ஸ்.எல். இல்லை.

அன்றே கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"போலீஸ்காரங்க அடுத்த நாளே வந்து பார்த்தாங்க மேடம். பென் டிரைவ் எடுத்துட்டு வர்றோம்னு போனாங்க. நானும் வருவாங்கன்னுதான் இருந்தேன். நேத்துதான் லெட்டரு வந்துச்சு. போட்டுப் பாத்தா அந்தத் தேதியவே காணும்."

"நீங்களே ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாமேங்க?"

"பாஸ்வேர்டு கேமரா மாட்டுன தம்பிக்குத்தான் தெரியும். அவரு திருச்சில இருக்காரு."

கடிதம் வந்தது பதினேழாம் நாள். அவர் கடையில் நான்கு கேமரா, 1 டி.பி. டிஸ்க். படத்தின் தரத்தைப் பொறுத்து அது ஒரு வாரத்தில் நிரம்பும், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். நிரம்பியதும் டி.வி.ஆர். நிற்காது. செக்குமாடு மாதிரி சுற்றி வந்து தன் பழைய தடத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு போகும். அழித்தது வேறு, மேலே எழுதியது வேறு. நூலகத்தில் புத்தகத்தின் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டால் புத்தகம் அலமாரியில் இருக்கும், பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். அதுதான் அழித்தல். அந்தப் புத்தகத்தின் தாள்களிலேயே வேறொரு கதையை அச்சடித்துவிட்டால் எந்த நாட்டுக் கருவி வந்தாலும் பழைய கதை வராது. உரக்கடை டிஸ்கில் நடந்தது இரண்டாவது. அந்தப் பதினேழு நாளில் காவல் நிலையத்தில் யாரும் சதி செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. திருவிழா பந்தோபஸ்து இருந்தது. அவ்வளவுதான். ஆனால் செக்குமாட்டுக்குத் திருவிழா தெரியாது.

மிஞ்சியது பையனுடைய போன். கட்டில் காவல்துறை வைத்திருந்தது வாட்ஸப்பில் வந்ததை சி.டி.யில் ஏற்றிய பிரதி. வாட்ஸப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். எந்தப் போனில், எப்போது எடுத்தது என்ற உள்குறிப்புகளையும் உதிர்த்துவிடும். அந்தப் பிரதியில் லாரியின் பின்பலகையில் இருந்த எண் வெறும் மஞ்சள் தீற்றல். பையனின் கேலரியில் இருந்த மூலத்தில் கடைசி இரண்டு எண்ணும், பலகையில் வரைந்திருந்த படமும் தெரிந்தன.

"தீபாவளி ஆஃபர்ல இந்தப் போன எக்ஸ்சேஞ்சு போடலாம்னு இருந்தேன் மேடம்" என்றான்.

"கேஸ் முடியற வரைக்கும் இந்தப் போன விக்கக் கூடாது, ரீசெட் பண்ணக் கூடாது, யார்ட்டயும் குடுக்கக் கூடாது. புதுசு வேணும்னா வாங்கிக்க, இதைப் பொட்டில வை."

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வீடியோவின் மூலையில் இருந்த தேதி விபத்து நடந்த தேதி இல்லை. மறுநாள் தேதி. நேரம் நள்ளிரவு 12.46. விபத்துப் பதிவேட்டின்படி அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததே முந்தின நாள் இரவு 10.50க்கு. இறந்துபோனவர் இரண்டு மணி நேரம் கழித்து எக்ஸ்.எல். ஓட்டிக்கொண்டு போகிறார் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

கடையில் டி.வி.ஆர். திரைக்கு முன்னால் பையனை நிறுத்தினேன். நான் எடுத்தால் நானே சாட்சிக்கூண்டில் ஏற வேண்டிவரும், ஆகவே அவனையே எடுக்கச் சொன்னேன். இன்னொரு போனில் சரியான நேரத்தை வைத்து, அதையும் திரையையும் ஒரே சட்டகத்தில் வருமாறு படம் எடுத்தான். வித்தியாசம் 2 மணி 34 நிமிடம். மாட்டியவர் கடிகாரத்தைத் திருத்தவே இல்லை. பெட்டி சீனாவிலிருந்து வந்தபோது இருந்த பெய்ஜிங் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பெய்ஜிங் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். மிச்சம் நான்கு நிமிடம் கடிகாரம் தானாக ஓடிச் சேர்த்துக்கொண்டது. 12.46இலிருந்து 2 மணி 34 நிமிடத்தைக் கழித்தால் முந்தின நாள் இரவு 10.12. விபத்து நடந்த நேரம்.

இந்தக் கணக்குக்கு ஆய்வகம் தேவையில்லை. முதல் நாள் கடைக்குள் வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

*

படம் இருக்கிறது, சரி. அது நீதிமன்றத்துக்குள் நுழைய ஒரு தாள் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அதற்குப் பெயர் 'அறுபத்தஞ்சு பி'. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தபோது சாட்சியச் சட்டத்துக்குள் 65பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கருவி யாருடையது, எப்படி இயங்கியது, நகல் எப்படி எடுக்கப்பட்டது என்று பொறுப்பானவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். 2014இல் கேரளத்துத் தேர்தல் வழக்கொன்றில், பிரச்சாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய சி.டி.க்களை இந்தச் சான்றிதழ் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதுதான் அன்வர் வழக்கு. 2018இல் இன்னோர் அமர்வு இந்தக் கண்டிப்பைத் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் மறுபடி இறுக்கினார்கள். நகல் என்றால் சான்றிதழ் கட்டாயம். மூலக் கருவியையே கொண்டுவந்து சொந்தக்காரர் கூண்டில் ஏறினால் வேண்டியதில்லை. உரியவர் தர மறுத்தால் நீதிமன்றத்திடம் மனுப்போட்டு வாங்கலாம்.

கடைசி வரி எனக்குத் தேவைப்பட்டது. உரக்கடைக்காரர் சான்றிதழில் கையெழுத்துப் போடத் தயங்கினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். லாரிக்காரங்கல்லாம் இந்த ரோட்டுலதான் போயாகணும். நானும் இங்கதான் கடை வச்சாகணும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனுப்போட்டுச் சம்மன் அனுப்பித் தீர்ப்பாயத்துக்கு வரவழைத்தேன். வந்தவர் உள்ளதை மறைக்காமல் சொன்னார். கேமரா என்னுடையது, கடிகாரத்தை நான் ஒருநாளும் திருத்தியதில்லை, இந்தப் பையன் என் கடையில்தான் படம் எடுத்தான். பையன் போனோடு கூண்டில் ஏறினான். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தையும் பின்பலகைப் படத்தையும் வைத்துத் தேடியதில் ஓர் ஆலையின் எடைமேடைச் சீட்டு கிடைத்தது. அதே படம் வரைந்த லாரி இரவு 9.52க்கு வெளியே போயிருக்கிறது. அதன் முன் பம்பரில் எக்ஸ்.எல்.லின் பெயிண்ட்.

தீர்ப்பாயத்தில் எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்ப்பார்கள். அந்த லாரிதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். இழப்பீடு கிடைத்தது. குற்றவியல் நீதிமன்றத்தின் தராசு வேறு. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். மூலப் பதிவு இல்லை, திரையைப் படம் எடுத்த படத்தைக் கொண்டு ஓட்டுநர் இவர்தான் என்று சொல்ல முடியாது. டிரைவர் விடுதலை. சட்டப்படி அதில் தவறு இல்லை. நான் அவருடைய வக்கீலாக இருந்திருந்தால் அதைத்தான் வாதாடியிருப்பேன்.

தீர்ப்பைக் கேட்டுவிட்டு அந்தம்மா நீதிமன்ற வாசல் வேப்பமரத்தடியில் கேட்டார்: "அப்ப யாருமே இடிக்கலைன்னு எழுதிட்டாங்களா மேடம்?"

"அப்படி இல்லம்மா. யாருன்னு நிரூபிக்க முடியலைன்னு எழுதியிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

இரண்டும் ஒன்றில்லை என்பதை விளக்கச் சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்திருக்கிறேன். அந்த வேப்பமரத்தடியில் விளக்க முடியவில்லை.

*

கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெளியூர் நண்பர்கள் வந்தால் கூட்டிப்போவேன். அந்த ஊரை எழுப்பிய முதலாம் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. சோழர் செப்பேடுகளில் நான் விரும்பிப் படிப்பது மன்னனின் புகழுரையை அல்ல, அதற்குப் பின்னால் வருகிற அலுப்பூட்டும் பட்டியலை. அரசன் வாயால் சொன்ன ஆணையைக் கேட்டு எழுதினவர் திருமந்திர ஓலை. அதை ஒப்பிட்டுப் பார்த்தவர் ஓலைநாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகத்தார், முகவெட்டி என்று ஆணை எத்தனை கை மாறியதோ அத்தனை பேரும் வரிசையாக வருகிறார்கள். ஓலை ஊருக்கு வந்ததும் பெண்யானையை நடத்தி எல்லை காட்டி, கல்லும் கள்ளியும் நட்டு, அதையும் எழுதிவைக்கிறார்கள். எல்லா ஏட்டிலும் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனையையும் அரச முத்திரையால் பூட்டிவிடுகிறார்கள். இடையில் ஓர் ஏட்டைச் செருக வேண்டுமென்றால் முத்திரையை உடைத்தாக வேண்டும்.

இன்றைய தடயவியல் கேட்பதும் இதைத்தான். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பட்டியல், உடைத்தால் தெரிந்துவிடுகிற பூட்டு. ஹாஷ் மதிப்பு அந்த வளைய முத்திரைதான். அரசனுடைய சொல்லையே அப்படியே நம்பாமல் இத்தனை பேர் கையெழுத்து வாங்கிய நாட்டில், ஒரு பென் டிரைவைப் பழுப்பு உறையில் போட்டு 'சிசிடிவி பதிவு-1' என்று எழுதி அனுப்பினால் போதும் என்று நினைக்கிறோம்.

முறை சரியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலில் இருந்து கடத்தப்பட்ட, பொறியியல் படித்த இளைஞர் கோகுல்ராஜ் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அவரோடு கோவிலுக்குப் போன தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். படத்தில் இருப்பது நான் இல்லை என்றார். கோவில் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2023 ஜனவரியில் தாங்களே கோவிலுக்குப் போய்க் கேமராக்கள் இருந்த இடத்தை நின்று பார்த்தார்கள். அந்த ஜூனில் தண்டனை பெரும்பாலும் உறுதியானது. படத்தை நம்புவதற்கு முன் படம் எடுத்த இடத்தை நேரில் போய்ப் பார்த்தார்களே, அதுதான் நான் சொல்கிற முறை.

முறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தான்குளம். 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் தாக்கப்பட்ட காவல் நிலையத்துக்கு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், அங்கிருந்த சிசிடிவி டிஸ்கில் 1 டி.பி. இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைப் பதிவுசெய்தார். என் உரக்கடைக்காரருக்கு டி.வி.ஆரின் அமைப்பை மாற்றத் தெரியாது. இங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பக்கத்துத் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர் பாதிரியார் ஸ்டேன் சுவாமி. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் 83 வயதில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவருக்கு எதிரான ஆதாரங்களில் முக்கியமானவை அவருடைய கம்ப்யூட்டரில் கிடைத்த கோப்புகள். பாஸ்டனில் இருக்கும் அர்செனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், எதிர்த்தரப்பு வக்கீல்களுக்குக் கிடைத்த டிஸ்க் நகலை ஆராய்ந்து 2022 டிசம்பரில் ஓர் அறிக்கை தந்தது. 2014 அக்டோபரிலிருந்தே வெளியாள் ஒருவர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தார், கோப்புகளை வைத்தார், 2019 ஜூன் 12 அன்று போலீஸ் அதைக் கைப்பற்றுவதற்கு முந்தின இரவு தன் தடங்களைத் துடைக்கப் பார்த்தார் என்கிறது அது. அரசுத் தரப்பு இத்தகைய அறிக்கைகளை ஏற்கவில்லை. நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததே டிஸ்கின் முழு நகல் எதிர்த்தரப்பின் கைக்குப் போனதால்தான். நகல் இல்லையென்றால் ஒரு முதியவர் 'இது என்னுடையது இல்லை' என்று சொன்னது மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஆகவே இந்த முறைகளை எல்லாம் வக்கீல்கள் வழக்கை இழுக்கப் பிடிக்கிற கொக்கி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நீதிபதியாலும் பார்க்க முடியாது, இறந்தவரின் மனைவியாலும் பார்க்க முடியாது, குற்றம் சாட்டப்பட்டவராலும் பார்க்க முடியாது. யாரோ ஒருவர் சொல்வதைத்தான் எல்லோரும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த ஒருவரைச் சரிபார்க்க ஏழைக்கு இருக்கிற ஒரே வழி இந்தத் தாள்கள்தான். காசுள்ளவர் பாஸ்டனிலிருந்துகூட நிபுணரை வரவழைப்பார்.

*

2024 ஜூலை 1 முதல் சட்டங்கள் புதிது. 65பி போய், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63 வந்திருக்கிறது. சான்றிதழ் இப்போது இரண்டு பகுதி. முதல் பகுதியைப் பதிவைத் தருகிறவர் நிரப்ப வேண்டும், இரண்டாவதை நிபுணர். இரண்டிலும் ஹாஷ் மதிப்பை எழுத இடம் விட்டிருக்கிறார்கள். நல்ல மாற்றம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செந்துறை ரோட்டு உரக்கடைக்காரர் எஸ்.எச்.ஏ.-256க்கு எதிரே டிக் அடிக்க வேண்டும், அதன் கீழே கையெழுத்துப் போட ஒரு நிபுணரைத் தேட வேண்டும்.

சோதனை, கைப்பற்றுதல் எல்லாவற்றையும் இனி வீடியோ எடுக்க வேண்டும். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும். ஐந்து வருடத்துக்குள் மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பிரிவைப் படித்ததும் நான் தேடிப் பார்த்தது கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு எவ்வளவு தண்டனை என்பதை. புதிய சட்டத்தில் அதிகபட்சம் ஐந்து வருடம். இடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் என்று எழுதிய உட்பிரிவை, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தார்கள். ஆக எங்கள் சாலைகளில் சாகிறவர்களுக்காக நிபுணர் வரவேண்டிய கட்டாயம் இல்லை. முதல் நாள் போகிற ஏட்டையாவின் கைக்கடிகாரமும் ஒரு பென் டிரைவும்தான் அவர்களுக்கான தடயவியல்.

அதனால் இப்போது விபத்து வழக்கு என்று யார் வந்தாலும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் 'எத்தன நாளாச்சு' என்று கேட்கிறேன். பத்து நாளுக்குள் என்றால் அன்றே சம்பவ இடத்தைச் சுற்றியுள்ள எல்லாக் கடைக்கும், பெட்ரோல் பங்குக்கும், காவல் நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு போகும். இந்தத் தேதியில் இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை உள்ள பதிவை அழியாமல் வைத்திருங்கள், முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் சேர்த்தே வையுங்கள் என்று. மூன்று மணி நேரம் பெய்ஜிங்குக்காக.

போன மாதம் செந்துறைப் பக்கம் போனபோது உரக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் மோர் கொடுத்தார். டி.வி.ஆர். நேரத்தைச் சரி செய்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். திரையில் பார்த்தேன். நிமிடம்கூடத் தப்பவில்லை. பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான்கு கேமராவும் ஓடின. ஒன்றில் கல்லா, ஒன்றில் யூரியா மூட்டைகள், ஒன்றில் குடோன், இன்னொன்றில் கடையின் உள்வாசல்.

"ரோட்டப் பார்த்து ஒண்ணு இருந்துச்சேங்க?"

"அத உள்ள திருப்பிட்டேன் மேடம்" என்றார். "நமக்கு எதுக்கு வம்பு."